நேசமக்காவின் பிரசர்

பிரசர் பார்க்கும்போது கதைக்கக்கூடாது என்றால் பலர் நம்புவதில்லை. பட்டி கையில்தானே கட்டியிருக்கிறது, வாய்க்கு என்ன என்று நினைக்கிறார்கள். கதைத்தால் ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்து இருந்தாலும் ஏறும். கதிரையில் முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் வைத்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகுதான் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலம் முழுவதும் இதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நேசமக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கதைக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

வாக்குமூலத்தை முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள், சேர். எழுதுகிற அந்தப் பிள்ளைக்கு ஏற்றமாதிரி மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சிவனேஸ்வரி. கிளிநொச்சிப் பக்கம் இந்த அக்கராயனில் என்னை மிஸி என்றுதான் தெரியும். தாதியாக இருந்தவளுக்கு ஊரில் வேறு பெயர் தேவைப்படுவதில்லை. கல்யாணம் செய்யவில்லை. அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி, வாய்க்கால் கரையில். அதில் ஒரு சிறிய வீடு. அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி சுவிஸில் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் எடுப்பான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில் நான் ஓய்வு பெற்றேன்.

வாட்டில் இருந்தவரைக்கும் நான் தனி ஆள் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. காலையில் போனவுடன் கட்டில் கட்டிலாகப் போய் மணிக்கட்டைப் பிடிப்பேன், நெற்றியைத் தொடுவேன். மூச்சை எண்ணும்போது மட்டும் நோயாளிக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் தன்னை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் அவரைக் கவனிக்கிற பழக்கம் எனக்கு அப்படி வந்தது. தொழிலில் வந்ததுதான், கெட்ட நோக்கத்தில் வந்ததல்ல.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கடையில் சீனி வாங்கிவிட்டு மிச்சக் காசை வாங்கும்போது கடைக்காரப் பெண்ணின் விரல் என் உள்ளங்கையில் பட்டது. ஒரு மனிதத் தோல் என்னில் பட்டு எவ்வளவு காலம் என்று அங்கேயே நின்று யோசித்தேன். நினைவு வரவில்லை. "வேற என்ன வேணும் மிஸி?" என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் கேட்டபிறகுதான் வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பாவித்த மாதிரியான பழைய பிரசர் மெசின் ஒன்றை நான் சொந்தமாக வாங்கி வைத்திருந்தேன். பாதரசம் ஏறி இறங்குகிற வகை. தொடக்கத்தில் அயலில் பலர் வந்தார்கள். பிறகு சனசமூக நிலையத்தில் பற்றரியில் வேலை செய்கிற மெசின் ஒன்றை வைத்தார்கள். கையை நுழைத்தால் இலக்கம் தானாகத் தெரியும். என்னிடம் வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் நேசமக்கா மட்டும் மிஞ்சினார்.

நேசமக்கா அடுத்த காணி. முழுப்பெயர் நேசமலர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் நல்லதம்பி அண்ணை போய்க் கனகாலம். அந்த வயதிலும் சைக்கிளில்தான் குளத்தடிக்கு மீன் வாங்கப் போவார். மாமரத்துக்கு வருகிற குரங்குகளோடு ஒவ்வொரு நாளும் சண்டை. குரங்குகளுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே ஏசுவார். பொழுதுபட ஆடுகளைக் கட்டிவிட்டு என் வீட்டுக்கு வருவார். வரும்போதே இடது கையை நீட்டிக்கொண்டு வருவார்.

"பார், சிவனேஸ். சாகிறதுக்கு இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு பார்."

"உங்களுக்கு இளம் பெட்டையளின்ர பிரசர் அக்கா. இப்போதைக்கு இல்லை."

அது உண்மை, சேர். அந்த வயதில் அப்படியொரு பிரசர் அருமை. நாடியும் அப்படித்தான், ஒழுங்காக, நிரம்பி அடிக்கும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் பட்டியைக் கட்டினேன். அவர் கதைத்துக்கொண்டே இருப்பார். கதை முடியுமட்டும் நான் மணிக்கட்டைப் பிடித்திருப்பேன்.

போன ஆவணியில் ஒருநாள் அவர் வந்து இருக்க முன்பே கதையைத் தொடங்கிவிட்டார். அவருடைய ஒரே மகள் பிரியந்தினி வவுனியாவில் கணக்குப் படிப்பிக்கிறார். மருமகன் பிரதாபனும் அங்கேதான் வேலை. கல்யாணம் முடிந்து பல வருடம் பிள்ளை இல்லை. நான் பட்டியைக் கட்டிக் காற்றை அடித்துக்கொண்டிருந்தேன்.

"பிரியா உண்டாகியிருக்கிறாளடி. மூண்டு மாசமாம். எனக்குச் சொல்லப் பயத்தில இவ்வளவு நாளும் மறைச்சு வைச்சிருந்திருக்கிறாள். என்னை வந்து தங்களோட இருக்கட்டாம். ஆடுகளைப் பின்வீட்டுச் சுஜிதனிட்டக் குடுத்துப்போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகப்போறன்."

"எவ்வளவு நாளைக்கு அக்கா?"

"இனியென்ன நாள் கணக்கு? அங்கதான் இருக்கப்போறன்."

பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் நின்றது என்பது குழாயைக் காதில் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எனக்கு நன்றாகக் கேட்டது. நூற்றிருபதுக்குக் கிட்ட. வழமையானதுதான்.

"கொஞ்சம் கூட நிக்குது," என்று சொன்னேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. நேசமக்காவின் கதை நின்றது. என் வீட்டில் அவர் கதைக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"கூடவோ? எவ்வளவு?"

"பயப்பிடாதேங்கோ. நாளைக்கும் ஒருக்காப் பாப்பம்."

அடுத்தநாள் அவர் பொழுதுபடும்வரை காத்திருக்கவில்லை. காலையிலேயே வந்தார்.

வவுனியா கடல் கடந்த இடமா, பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போயிருக்கலாம். போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரை நுனியில் இருந்து, தருகிற தேத்தண்ணியைக் குடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பியிருக்கலாம். விருந்துக்குப் போனவள் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது, சேர். அதை நீங்கள் விளங்கிக்கொள்ள மாட்டீர்கள். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொன்னேன். பெரிய இலக்கம் சொல்லவில்லை. பெரிதாகச் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார்கள். தூரப் பயணம் இப்போதைக்குச் சரிவராது என்று மட்டும் சொன்னேன். பாரிசவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்டவர்களை நான் வாட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி நேசமக்காவுக்குச் சொன்னேன். ஒன்றும் கற்பனை இல்லை, நடந்தவைதான். வாய் கோணிப்போன ஒரு டீச்சர், மகளின் பெயர் நாக்கில் வராமல் அழுத கதையையும் சொன்னேன்.

அம்மா வரவில்லை என்றதும் பிரியந்தினி ஒரு சனிக்கிழமை வந்து, கிளிநொச்சியில் ஒரு தனியார் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். பிடிபடப்போகிறேன் என்று எண்ணினேன். பிடிபட்டிருந்தால் நல்லது என்றும் வழியில் ஓட்டோவில் இருந்து நினைத்தேன். ஆனால் நேசமக்காவின் கை குளிர்ந்துபோயிருந்தது. வாய் கோணப்போகிறது என்ற பயத்தோடு வாரக்கணக்காக இருந்தவர் அவர். டொக்டர் பட்டியைக் கட்டியபோது உண்மையாகவே ஏறியிருந்தது. பயத்துக்கு அந்த வல்லமை இருக்கிறது. நான் சொன்ன பொய்யை அவருடைய உடம்பே மெய்யாக்கிக் காட்டியது.

டொக்டரில் ஒரு பிழையும் இல்லை. அதை வடிவாக எழுதுங்கள். அவர் அவசரப்பட்டுக் குளிசை எழுதவில்லை. சிலருக்கு டொக்டரைக் கண்டாலே ஏறும், அதனால் வீட்டில் ஆறுதலாக இருக்கும்போது பார்த்துக்கொண்டு இரண்டு கிழமையால் வாருங்கள் என்றார். அதுதான் முறை. "வீட்டில ஆர் பாப்பினம்?" என்று கேட்டார். பிரியந்தினி என்னைக் காட்டினார்.

"அன்ரி பெரிய மிஸியா இருந்து பென்சன் எடுத்தவா, டொக்டர். பக்கத்து வீடுதான்."

"அப்ப வேற என்ன வேணும்?" என்று அவர் சிரித்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு நான் இலக்கங்களைச் சொன்னேன். அவர் குளிசை எழுதினார். ஐப்பசியில் திரும்பப் போனபோது, குறையவில்லை என்று சொன்னேன். கூட்டி எழுதினார். கார்த்திகையில் இரண்டாவது வகையும் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அறைக்குள் போக முன்பு நேசமக்காவைச் சலம் கழிக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். படியையும் வேகமாக ஏற வைத்தேன். அது போதுமாக இருந்தது. பற்றரி மெசின் ஒன்று வாங்கித் தரவா என்று பிரியந்தினி கேட்டார். அவை பிழையாகக் காட்டும், காசை வீணாக்காதீர்கள் என்றேன்.

இல்லாத பிரசருக்குக் குளிசை குடித்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உள்ள பிரசர் இறங்கும். எழும்பும்போது கண் இருளும், கால் தளரும். நேசமக்கா முதலில் சைக்கிளை விட்டார். விழுந்தால் ஆபத்து என்று நான்தான் அதை என் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். பிறகு குளத்தடிக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. மார்கழி மழை விடுவதற்குள் கிணற்றடிக்கும் தனியே போக முடியவில்லை.

"தலை சுத்துது, சிவனேஸ். நிலம் நழுவிற மாதிரி."

"பிரசர் கூடத்தானே அக்கா. குளிசையை விடாமல் எடுங்கோ."

நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு நேசமக்காவின் வீட்டில் போய் இருந்தேன். அவரை முழுகவார்த்தேன், தலைமயிரைத் துவட்டிப் பின்னிவிட்டேன். குசினியில் இரண்டு பேருக்குச் சமைத்தேன். ஒருவருக்குச் சமைக்கும்போது உப்புக் கணக்கு எப்போதும் பிழைக்கும். இரண்டு பேருக்கு அது சரியாக வந்தது. பின்னேரத்தில் அவரைக் கதிரையில் இருத்தி, மாமரத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஏசுவதற்கு அவருக்குச் சத்தம் வராது. நான் அந்தப் பெயர்களைச் சொல்லி ஏசுவேன். அவர் சிரிப்பார். என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த மாதங்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு தடவை என் பென்சன் விசயமாகக் கிளிநொச்சியில் இரண்டு நாள் நிற்க வேண்டி வந்தது. குளிசைகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது படலையடியிலேயே எனக்கு அவருடைய குரல் கேட்டது. நேசமக்கா முற்றத்தில் நின்று விளக்குமாற்றைத் தூக்கிக் குரங்கைத் துரத்திக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய செம்மை திரும்பியிருந்தது.

"சிவனேஸ், இஞ்ச பார். குளிசை போடாமல் விட்டன். ஏசாதை. எனக்கு நல்ல சுகமா இருக்கு. முத்தம் முழுக்க நான்தான் கூட்டினன். இந்தக் குளிசைதான் எனக்கு ஒத்துவரேல்லைப் போல, என்ன?"

அவர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார், சேர். படித்த ஒருவரும் கண்டுபிடிக்காததை அந்த உடம்பு தானே கண்டுபிடித்து எனக்குச் சொன்னது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கு அதைவிட நல்ல இடம் வந்திருக்காது.

நான் ஏசவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவரை இருத்தி, பட்டியைக் கட்டினேன். பாதரசம் இறங்கி முடிந்த பிறகும் குழாயைக் காதில் இருந்து எடுக்காமல் இருந்தேன். பிறகு பட்டியை ஆறுதலாகக் கழற்றினேன், சுற்றி வைத்தேன்.

"என்னடி? எவ்வளவு?"

"கேளாதேங்கோ அக்கா."

"சொல்லன்."

நான் எழும்பிப் போய்க் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். அவருடைய முகத்தில் இருந்த செம்மை வடிந்துபோனதை நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். "இனி விடமாட்டன்," என்றார். "நீ இல்லாட்டி நான் அண்டைக்கே போயிருப்பன்." அதற்குப் பிறகு அவர் ஒரு குளிசையும் தவறவிடவில்லை.

பொங்கலுக்குப் பிரியந்தினி வரவில்லை. வயிற்றில் எட்டு மாதம் நெருங்கியிருந்தது. போனில் கதைத்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. அம்மா அங்கே கிடந்து இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, வவுனியாப் பெரியாஸ்பத்திரியில் காட்டுவோம், பிரதாபன் வான் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வருவார், படுக்கவைத்தே கொண்டுபோகலாம் என்றார். முடிவாகச் சொன்னார். நான் ஓம் என்றேன்.

புதன்கிழமை நேசமக்காவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அதற்கு நான் காரணமில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மழை வெள்ளம் கிணற்றில் கலந்த காலம், ஊரில் பலருக்கு இருந்தது. ஒரு பகலும் ஓர் இரவுமாக உடம்பில் இருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பிரசர்க் குளிசையை நிறுத்த வேண்டும். தாதிக்குப் படிக்கிற பிள்ளைகூட நிறுத்துவாள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை நாடியைப் பிடித்தேன். நூல்மாதிரி இருந்தது. விரலைக் கொஞ்சம் அழுத்தினால் மறைந்துபோனது. பட்டியைக் கட்டினேன். வாட்டில் இந்த இலக்கத்தைக் கண்டால் கட்டிலின் கால்மாட்டை உயர்த்திவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடியிருப்பேன். நான் மெசினை மூடி வைத்துவிட்டு, காலைக் குளிசைகளைக் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்து வாங்கினார்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வானில் ஏற்ற முடியாத அளவுக்கு அவர் களைத்திருந்தால் போதும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு கிழமை கிடைக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட அவர் கண்ணைத் திறந்தார்.

"பிரியாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லு, சிவனேஸ். எனக்கு ஏலாமக் கிடக்கு."

"சொல்லிட்டன் அக்கா. வெளிக்கிட்டிட்டினம்."

நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரியந்தினியே எடுத்தார். போன் கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் அழுத்தியவுடன் மகளின் குரல் நேசமக்காவுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கண் அந்தப் பக்கம் போனது. நான் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"அம்மா நித்திரை, பிள்ளை. பிரசர் நல்லாக் கூடிக்கிடக்கு. நாளைக்கு வானில ஏத்தேலாது. அடுத்த கிழமை பாப்பம்."

"அம்மாவோட ஒருக்காக் கதைக்கட்டே, அன்ரி?"

"எழுப்பினால் இன்னும் கூடும்."

அந்தப் பிள்ளை சரி என்று வைத்துவிட்டது.

அம்புலன்சுக்கு ஏன் அடிக்கவில்லை என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். அடித்திருந்தால் வந்திருப்பார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள். வந்தவுடன் முதல் வேலையாகக் கையில் பட்டியைத்தான் கட்டுவார்கள். நான் இத்தனை மாதம் சொன்ன இலக்கம் அங்கே இருக்காது. உண்மையான இலக்கத்தை இன்னொருவர் பார்த்துவிடுவார். பார்த்தால் நேசமக்காவுக்கும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில், அவர் சாவதைவிட அவருக்குத் தெரியவருவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் நான் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கை கால் குளிர்ந்தது. நெற்றி வேர்த்தது. மூச்சு வேகமாகி, பிறகு மெதுவாகி, இடையில் நின்று நின்று வந்தது. மணிக்கட்டைப் பிடித்தபடி எண்ணினேன். ஆடுகள் அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. மூன்று மணி தாண்டியிருக்கும்.

அயலில் ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பிரசர்க்காரி, பிரசரில் போய்விட்டா என்றார்கள். பிரியந்தினி வயிற்றையும் தாங்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்து அழுதார். "நீங்கள் இருந்தபடியால்தான் அன்ரி அம்மா இவ்வளவு நாளும் இருந்தவா," என்றார். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாளில் அவ்வளவு பேர் என்னைத் தொட்டது ஓய்வு பெற்றபிறகு அன்றைக்குத்தான்.

உடலை எரித்தாயிற்று. என் வாயைத் தவிர உங்களிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்றைக்குப் பிரதாபன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பிரியந்தினி என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அன்ரி, நீங்கள் இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? எங்களோட வாங்கோவன். அம்மாவுக்கு எண்டு ஒழுங்குபடுத்தின அறை சும்மாதான் கிடக்குது." பிறகு கையை நீட்டினார். "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ. இது பரம்பரையா வாறதெல்லோ."

தாயின் கை மாதிரியே இருந்தது. பட்டியைக் கட்டினேன். சத்தம் தெளிவாகக் கேட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு அதைவிட நல்ல பிரசர் இருக்க முடியாது. அவர் கூப்பிட்ட கூப்பிடுதலுக்கு ஓம் என்று சொன்னால் போதும். நான் அங்கே போய் இருந்திருக்கலாம். ஆனால், பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு என்னை ஏன் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற யோசனையும் வந்தது.

"கொஞ்சம் கூட நிக்குது, பிள்ளை," என்றேன்.

அந்த நிலையில் பிரசர் கூடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் படிப்பித்திருப்பார்கள். பிரியந்தினி பயந்து, அன்று பின்னேரமே வவுனியாவுக்குப் போய், அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். சரியாக இருந்தது. இரண்டாம் நாளும் காட்டியிருக்கிறார். சரியாக இருந்தது. அவர் பயத்திலும் ஏறாத உடம்புக்காரி. அந்தப் பக்கத்தில் தாயைப்போல இல்லை. பற்றரி மெசின் ஒன்றையும் வாங்கி வீட்டில் பார்த்திருக்கிறார். கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை. பிறகு எனக்கு எடுத்தார்.

அழவில்லை. ஏசவுமில்லை. "அன்ரி, ஒண்டு கேக்கிறன். அம்மாவுக்கு எப்பவாவது பிரசர் இருந்ததோ?" என்றுதான் கேட்டார்.

அதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ஒரு நாளும் இருக்கேல்லை."

அவர் போனை வைத்த சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வேகமான மூச்சு. நான் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். பிறகு அதுவும் நின்றது. மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள்.

காலையில் அந்தக் குளிசைகளைக் கொடுக்கும்போது சாவார் என்று தெரியுமா என்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், எழுதுங்கள். தெரியும். இன்னும் ஒரு கிழமை கிடைக்கும் என்று நினைத்ததாக முதலில் சொன்னேன். அது நான் எனக்குச் சொல்லிவைத்தது. நாடி நூலான பிறகு கிழமைக் கணக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். சரியான இலக்கத்தைச் சொல்லியிருந்தால் நேசமக்கா இன்றைக்கு வவுனியாவில் இருந்திருப்பார். நான்தான் கொன்றேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் பிரியந்தினியிடம் சொல்ல வேண்டும். அவர் என்னோடு கதைக்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். அந்த வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மா அங்கே போயிருந்தால் பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு பூட்டின வீட்டுக்குள் தனியே இருந்திருப்பார். இங்கே கடைசி மூச்சு வரைக்கும் அவருடைய கை என் கையில் இருந்தது. நாடி நின்ற பிறகும் நான் விடவில்லை. பெருவிரலால் நாடி பார்க்கக்கூடாது, அதில் ஓடுகிற சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அன்றைக்கு நான் பெருவிரலை வைத்துத்தான் எண்ணினேன். நல்ல நாடியாக இருந்தது. வெயில் இறங்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா தனியே இருக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது ஆறுதலாக இருக்கும்.